பத்தொன்பது பித்தளைத் திருகாணிகள்

பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் திருப்பிப்பார் அக்கா. நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் திருப்பிப்பார். அது அவளுக்குத் தெரியாதா என்ன? முதுகுக்குப் பின்னால் யார் என்ன பேசுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் அவளுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம்.

அவள் வேலை காந்தப் படலம் செய்வது. எஃகுப் பாத்திரம் ஒன்றிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, துளி ஆர்கான் வாயுவை உள்ளே விட்டு, மின்சாரம் கொடுத்தால் ஊதா வெளிச்சம் பரவும். அந்த வெளிச்சத்துக்குள் கடோலினியமும் இரும்பும் கோபால்ட்டும் அணு அணுவாகப் பெயர்ந்து வந்து ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படியும். இருபது நானோமீட்டர் படிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு தலைமுடியை ஐயாயிரம் இழையாகக் கிழிக்க யாருக்காவது பொறுமை இருந்தால், அதில் ஓர் இழையின் தடிமன்தான் அது. அக்காவுக்கு அந்தப் பொறுமை இருந்தது. மனிதர்களிடம் காட்ட மட்டும் மிச்சம் இல்லை.

அவள் செய்கிற படலத்தை அடுத்த அறைக்காரர்கள் வாங்கிப் போய் லேசரால் அடித்து, அதன் காந்தம் என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஆராய்ச்சியாளர் ஒருவர் பெரிய சிக்னல் கிடைத்துவிட்டது என்று வராந்தாவில் குதித்துக்கொண்டு வந்தார். புதிதாய் வந்த இவள் சாதாரணமாகக் கேட்டாள்: "காந்தத்தைத் திருப்பிப் பாத்தீங்களா சார்?" நிஜமான காந்தச் சிக்னல் என்றால், படலத்தின் பக்கத்தில் வைத்திருக்கும் பெரிய மின்காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பும்போது அதுவும் தலைகீழாகும். அவர் போய்த் திருப்பினார். சிக்னல் அசையவே இல்லை. லென்ஸில் ஒட்டியிருந்த தூசியைத்தான் அவர் மூன்று வாரமாக அளந்துகொண்டிருந்தார். அன்று ஒட்டிய பெயர் இன்றுவரை உரியவில்லை.

அந்தப் பாடத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை. கணவர் பஸ் ஓட்டுநர், சாது. வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு வண்டியில செம கூட்டமா?" என்பாள். "ஆமா" என்பார். கால் மணி கழித்து, துணி மடித்துக்கொண்டே, "இன்னைக்கு வண்டி காலியாத்தானே போச்சு?" என்பாள். அலுப்பில் அதற்கும் "ஆமா" என்பார். தீர்ந்தது கதை. காய்கறிக்காரர், பல் மருத்துவர், மேல்வீட்டுக்காரி என எல்லோரும் இந்தப் பரீட்சையில் ஒரு தடவையாவது தோற்றவர்கள்தாம். மகள் மட்டும் கெட்டிக்காரி. அவள் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டாள்.

இனி டப்பா விஷயம். லேசர் அடிக்கும்போது படலம் ஒரு சிறிய மேடையில் இருக்கும். மேடையின் நான்கு மூலையிலும் நான்கு திருகாணிகள். அவை பித்தளையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் காந்தத்துக்கும் பித்தளைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த அளவில் பித்தளைத் திருகாணி கடையில் கிடைக்காது. பட்டறைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மேடையில் மாட்டியவை போக உதிரியாக முப்பது அக்கா கடைந்து வாங்கியிருந்தாள். ஒரு வருடத்தில் பதினொன்று காணாமல் போயின. மேசைக்கடியில் சில உருண்டிருக்கலாம், கோட்டுப் பைகளில் சில வீட்டுக்குப் போயிருக்கலாம். அக்கா அப்படியெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை. மிஞ்சிய பத்தொன்பதையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். மேசை மேல் ஒரு நோட்டு. அதில் மூன்று கட்டங்கள்: யார், எதற்கு, எப்போது திரும்ப வரும். நான்கு மாதமாகிறது. நோட்டில் ஒரு வரிகூட விழவில்லை. பூட்டியதும் திருட்டு நின்றுவிட்டது பார்த்தாயா என்று அவள் தனக்குத் தானே சபாஷ் போட்டுக்கொண்டாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் லேசர் அறைக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இருபத்தொன்பது வயது, முனைவர் பட்டம் முடித்தவள், ஒப்பந்த வேலை. எல்லோரும் அவளை லேசர் பொண்ணு என்றார்கள். மெல்லப் பேசுவாள், மெல்ல நடப்பாள். மெல்ல நடப்பவர்களை அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது.

அந்தப் பெண் தேடியது இதுதான். ஒரு நொடியை லட்சம் கோடியாக வகுத்து, அதில் ஒரு பங்கை மறுபடியும் பத்தாக வகுத்தால் வருமே, அவ்வளவு நேரம் மட்டும் மின்னி மறைகிற லேசர் துடிப்பு. அது படலத்தில் பட்டதும் எலெக்ட்ரான்கள் கொதித்துவிடும். அணுக்களுக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் அந்த இடத்தின் காந்தம் சரிந்துவிடும். சரிந்தது சும்மா சரியாமல், வேறு காந்தத்தின் உதவியே இல்லாமல், தானாகத் தலைகீழாக எழுந்து நின்றால் அதுதான் புதையல். நுண்ணோக்கியில் மேல்நோக்கிய காந்தம் வெள்ளையாகத் தெரியும், கீழ்நோக்கியது கறுப்பாக. வெள்ளைப் படலத்தில் ஓர் அடி அடித்தால் கறுப்புப் புள்ளி விழ வேண்டும். அதே இடத்தில் இரண்டாவது அடி அடித்தால் புள்ளி மறுபடி வெள்ளையாக வேண்டும். ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே போக வேண்டும்.

புள்ளி விழுந்தது. அக்கா செய்த நானூற்றுப் பதினேழாம் படலத்தில், ஐந்து இடத்தில் ஐந்து அடி, ஐந்து கறுப்புப் புள்ளிகள், அச்சில் வார்த்தாற்போல. பேராசிரியர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வராந்தாவில் மாட்டினார். வெளிநாட்டு மாநாட்டில் பேசப் பெயர் கொடுத்தார். லேசர் பொண்ணின் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. இந்தப் படம் நின்றால் அவளுக்கு வேலை நீளும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அக்கா அந்தப் படத்தின் முன்னால் தினமும் நின்றாள். தன் படலம்தானே, பெருமைப்பட்டிருக்கலாம். அவளுக்கோ மூக்கில் வியர்த்தது. ஐந்தும் முதல் அடிப் புள்ளிகள். இரண்டாவது அடி எங்கே? அதன் படம் ஒன்றுகூட இல்லையே?

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் தப்பாகவே பட்டது. இவள் உள்ளே போனால் அந்தப் பெண் கணினித் திரையில் சட்டென்று வேறு ஜன்னலைத் திறக்கிறாள். எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போகிறாள். போனில் யாரிடமோ, "இல்ல, இன்னும் அவர்கிட்ட சொல்லல" என்று கிசுகிசுக்கிறாள். ஒரு நாள் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கதவோரம் நின்றபோது, அந்தப் பெண் ஏதோ ஒரு படத்தைப் பெரிதாக்கி, புள்ளியின் ஓரத்தைச் சுட்டியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அளக்கிறாளா, வரைகிறாளா? வரைகிறாள் என்றே அக்காவுக்குத் தோன்றியது.

வழக்கம்போல இரண்டு பக்கமும் கேட்டாள். "ரெண்டாவது அடி அடிச்சுப் பாத்துட்டியா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா."

அரைமணி கழித்து, "ரெண்டாவது அடி இன்னும் அடிக்கலதானே?"

அந்தப் பெண் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். "பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா" என்றாள் மறுபடி, அதே குரலில்.

வியாழக்கிழமை அக்கா பேராசிரியருக்குக் கடிதம் எழுதினாள். பூசி மெழுகவில்லை. படங்களில் உள்ள புள்ளிகள் கணினியில் வரையப்பட்டவை என்று சந்தேகிக்கிறேன், மூலப் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கீழே பெயர் போடவில்லை. அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தாள். வெள்ளிக்கிழமை மதியம் பேராசிரியர் இறுகிய முகத்துடன் லேசர் அறைக்குள் போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. குட்டு வெளிப்பட்டால் அந்தப் பெண்ணுக்கு இந்த வேலை மட்டுமல்ல, இந்தத் துறையிலேயே இடம் இருக்காது.

அன்று மாலை வீட்டில் கணவர் ஒரு முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "யாரு வீடு?" என்றாள். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"நம்ம பொண்ணோடது. வீடு மாத்திட்டா."

"எப்ப?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா ஒண்ணுக்கு நாலு கேள்வி கேப்ப. பழைய வீட்டுக்கு என்ன, புது வீட்டுல யாரு, ஏன் அவசரம்னு. அதுக்குப் பயந்துக்கிட்டுதான் சொல்லல. அவ மேல தப்பு இல்ல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அப்போது அவள் மனதில் ஓடியது வேறு: அப்பாவும் மகளும் சேர்ந்து இரண்டு மாதமாக என் காதில் பூ சுற்றியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. எல்லா அறைக்கும் மாற்றுச் சாவி அக்காவிடம் இருந்தது, அது யாருக்கும் தெரியாது. லேசர் அறையைத் திறந்து, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேடையில் இருந்த நானூற்றுப் பதினேழைத் தன் கையாலேயே சோதிக்க உட்கார்ந்தாள். திங்கட்கிழமைக்கு ஆதாரம் வேண்டுமே.

பெரிய காந்தத்தால் படலம் முழுவதையும் வெள்ளையாக்கினாள். காந்தத்தை அணைத்தாள். ஓர் அடி. திரையில் கறுப்புப் புள்ளி, அச்சில் வார்த்தாற்போல.

புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வரைந்தது அல்ல. நிஜமாகவே விழுகிறது.

விடுவாளா? திருப்பிப் பார்த்தாள். படலம் முழுவதையும் கறுப்பாக்கி, காந்தத்தை அணைத்து, ஓர் அடி. வெள்ளைப் புள்ளி. ஆக, இருபத்திரண்டு வருடமாக அவள் யாரையும் கடக்கவிடாத பரீட்சையில் அந்தப் பெண்ணின் புள்ளி ஜோராகத் தேறிவிட்டது. கடிதம் பொய். பொய்யை எழுதியது யார் என்பதில் சந்தேகமே இல்லை.

கடைசியாக, அதே இடத்தில் இரண்டாவது அடி அடித்தாள். புள்ளி அசையவில்லை. மூன்றாவது. அசையவில்லை. தானாகத் திரும்புகிற காந்தம் என்றால் அடிக்கு அடி மாற வேண்டும். இது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அப்படியானால் சூட்டில் தன் காந்தத்தை மறந்த இடம் ஆறும்போது, பக்கத்தில் யாரோ இந்தப் பக்கம் திரும்பு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதுவும் பெரிய காந்தத்தை மேலே திருப்பினால் ஒரு மாதிரி, கீழே திருப்பினால் வேறு மாதிரி. காந்தத்தோடு சேர்ந்து தானும் திரும்புகிற ஆள். மேலதிகாரி மாறினால் பேச்சை மாற்றுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இந்த மேடையில் அப்படி யார்?

குனிந்து பார்த்தாள். மூன்று மூலைகளில் மஞ்சள். நான்காவது மூலையில், புள்ளி விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பளபளவென்று வெள்ளைத் தலை. புடவையில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து அருகே கொண்டுபோனாள். கையை விட்டுத் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது ஊசி. எஃகுத் திருகாணி! பெரிய காந்தத்தை ஒவ்வொரு தடவை போடும்போதும் இதுவும் சேர்ந்து காந்தமாகி, அது அணைந்த பிறகும் பக்கத்திலிருப்பதை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது.

"அக்கா, என்ன பண்றீங்க?"

கதவில் லேசர் பொண்ணு. கையில் பை, முகத்தில் தூக்கமில்லை. திரையைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், அக்கா கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். திருடியைப் பிடித்த பார்வைதான் அது. அக்கா சாவிக்கொத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஸ்க்ரூ" என்றாள். "இதை யார் போட்டது?"

அந்தப் பெண் கிட்டே வந்து ஊசியைப் பார்த்தாள். பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான். நாலு மாசம் முன்னாடி. ஒண்ணு கீழ விழுந்து எங்கயோ போயிடுச்சு. ஸ்டெயின்லெஸ்தானே, ஒட்டாதுன்னு நெனச்சேன். சோதிச்சுப் பாக்கல." கணினியில் ஒரு கோப்பைத் திறந்தாள். நூற்றுக்கணக்கான படங்கள், எல்லாம் இரண்டாவது அடி, மூன்றாவது அடி. "எதுவுமே மாறல. ஏன்னு ஒரு மாசமா மண்டையைப் பிச்சிக்கிட்டு இருக்கேன். சார்கிட்ட டைம் கேட்டேன், அவர் காதுலயே வாங்கல. அந்த ஒரு நல்ல படத்தை எடுத்துக்கிட்டு ஓடிட்டார். இப்ப யாரோ நான் வரைஞ்சேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

மறைத்தாள்தான். அக்காவின் மூக்கு பொய் சொல்லவில்லை. எதை மறைத்தாள் என்பதைத்தான் அது தப்பாகச் சொல்லிவிட்டது.

"பித்தளை ஸ்க்ரூ என்கிட்ட டப்பா நிறைய இருக்கே" என்றாள் அக்கா. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்கலாம்னு உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன்க்கா. அங்க நோட்டு இருந்துச்சு. பழசு எங்க, எப்படித் தொலைஞ்சுது, யார் பாத்தாங்கன்னு நீங்க கேப்பீங்க. இன்னொருத்தர்கிட்ட அப்படிக் கேட்டதை நான் பாத்திருக்கேன். பட்டறையில ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டேன்." கோப்பை மூடிவிட்டு, "யார் எழுதினாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமாக்கா?" என்றாள்.

நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. "எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, இழுப்பறையைத் திறக்க எழுந்து போனாள் அக்கா.

டப்பாவிலிருந்து ஒரு பித்தளைத் திருகாணியை எடுத்து வந்து மாட்டினார்கள். ஓர் அடி. வட்டமான புள்ளி விழவில்லை. கறுப்பும் வெள்ளையுமாய் நொறுக்கிக் கொட்டினாற்போல ஒரு திட்டு விழுந்தது. சூடு பட்டுக் காந்தம் சிதறியிருக்கிறது, அவ்வளவுதான். புதையல் இல்லை. அந்தப் பெண் அதைப் பார்த்து அழவில்லை. "அப்பாடா, காரணம் தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னாள். அது அக்காவை இன்னும் வதைத்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா வீட்டில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கணவர் இரண்டு தடவை அவள் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

திங்கட்கிழமை பத்து மணி. பேராசிரியர் மேசை மேல் அந்தக் கடிதம் கவிழ்ந்து கிடந்தது. லேசர் பொண்ணு தன் கோப்புகளைக் காட்டி, திருகாணியைக் காட்டி, "தப்பு என்னோடதுதான் சார்" என்று முடித்தாள். அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "தெரியாம போட்டதா, தெரிஞ்சே போட்டதா? இந்த லெட்டர் வேற மாதிரி சொல்லுதே" என்றார்.

படலம் செய்தவள் என்று கூப்பிட்டிருந்ததால் கதவோரம் நின்றிருந்த அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் பெயர் வெளியே வந்தே இருக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் முன்னால் வந்து நோட்டை மேசை மேல் வைத்தாள்.

"லெட்டர் எழுதினது நான் சார். அதுல இருக்கறது உண்மை இல்ல. சனிக்கிழமை நானே அடிச்சுப் பாத்தேன், புள்ளி நிஜமாவே விழுது. எஃகு ஸ்க்ரூவைப் போட்டது அவங்க, போட வச்சது நான். பித்தளையெல்லாம் என் டிராயர்ல பூட்டி வச்சிருந்தேன். நோட்டைப் பாருங்க. நாலு மாசம், நாப்பது பேர் வேலை பாக்கற இடம், ஒருத்தர்கூட வந்து கேக்கல. திருட்டு நின்னுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். கேக்கறதுதான் நின்னுபோயிருக்கு."

பேராசிரியர் வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். லேசர் பொண்ணு நோட்டைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாநாட்டுப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவர் கடைசியில் சொன்னார். வராந்தாப் படத்தைக் கழற்றச் சொன்னார். "மூணு மாசம் நீட்டிச்சுத் தரேன். பித்தளையைப் போட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். நோட்டை மூடி அக்கா பக்கம் தள்ளினார்.

பிற்பகலில் அக்கா பிஸ்கட் டப்பாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு லேசர் அறைக்குப் போனாள். வழியெல்லாம் ஒரு சின்ன ஆசை இருந்தது: இதைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், அந்தப் பெண் பரவாயில்லைக்கா என்பாள். "இனிமே இது இங்கயே இருக்கட்டும். பூட்டெல்லாம் வேணாம்" என்று சொல்லி மேசை மேல் வைத்தாள்.

அந்தப் பெண் டப்பாவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் கொட்டி, ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினாள்.

"பதினெட்டு இருக்கு. சனிக்கிழமை மேடையில போட்டது ஒண்ணு. ஆக பத்தொன்பது. சரிதானே அக்கா?"

"சரிதான்."

"சனிக்கிழமை நீங்க எடுத்ததுக்கு நோட்டுல என்ட்ரி இல்லையே. அதை எழுதிடுங்க. கீழ, பத்தொன்பதையும் என்கிட்ட குடுத்தேன்னு ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க. நாளைக்கு ஒண்ணு குறைஞ்சா யாராவது லெட்டர் எழுதிடக் கூடாது பாருங்க."

குரலில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. இரண்டாவது அடி பற்றிக் கேட்டபோது சொன்ன அதே குரல். அக்கா பேனாவை வாங்கி, யார் என்ற கட்டத்தில் சம்பளப் பட்டியலில் இருக்கும் தன் பெயரை எழுதினாள். எதற்கு என்ற கட்டத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் நோட்டை வாங்கி ஒரு தரம் படித்தாள். பக்கத்தைத் திருப்பி, பின்னால் ஒன்றும் எழுதவில்லையே என்று பார்த்தாள். பிறகு போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வலித்தது. கணவருக்கும் மகளுக்கும் இத்தனை வருடம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. ஏதாவது சொல்ல நினைத்துக் கதவருகில் திரும்பினாள். லேசர் பொண்ணு அதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடையின் மேல் குனிந்திருந்தாள்.

"அக்கா, போகும்போது அந்த மாத்துச் சாவியையும் வச்சுட்டுப் போயிடுங்க" என்றாள், நிமிராமலேயே.